பெரும்பாக்கம் குடியிருப்பில் 40 பிள்ளைகள்: டென்னிஸ் பாலிலிருந்து லெதர் பாலுக்கு எப்படி ஏற்றுவது?

ஏழாம்_பிளாக் (கேள்வி)

வணக்கம். சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் 9 முதல் 15 வயதுவரை உள்ள 40 பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பயிற்சி தொடங்கப் போகிறோம். 31 பையன்கள், 9 பெண் பிள்ளைகள். டென்னிஸ் பாலில் எல்லாருமே வெளுத்து வாங்குவார்கள். லெதர் பாலைக் கையில் பிடித்தவர்கள் மூன்றே பேர்.

மைதானம் என்று சொல்ல முடியாது, ஒரு திறந்தவெளி. களிமண் தரை, மழை பெய்தால் குளம். சாயங்காலம் ஃபுட்பால் பசங்க ஆடுவார்கள். காலை 6 மணியிலிருந்து 7.45 வரை நமக்கு. சம்பளத்துக்கு ஒரு கோச், உதவிக்குக் காலேஜ் பையன்கள் இரண்டு பேர். கையில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே பணம் இருக்கிறது. ஒருவர் 40 பேருக்கும் ஜெர்சி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தெரிய வேண்டியவை: லெதர் பாலை எந்த வயதில் கொடுப்பது? கான்கிரீட் பிட்ச் போடுவதா, பாய் விரிப்பதா? என்ன சாமான், எத்தனை வாங்குவது? இந்த மாதிரி முயற்சிகள் ஆறே மாதத்தில் படுத்துவிடுகிறதே, எதனால்?

---

மூணாவது_ஸ்லிப்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதுக்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது. இவை படுப்பதற்கு முதல் காரணம் பணம் இல்லை, காத்திருப்பு. ஒரு நெட், அதில் ஒருவன் பேட்டிங், நாலு பேர் பவுலிங், மிச்சம் 35 பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒன்றரை மணி நேரம் வந்துபோன பையனுக்கு எட்டு பந்துதான் ஆடக் கிடைத்தது என்றால், மூன்றாவது வாரம் அவன் ஏன் அஞ்சரைக்கு எழுந்திருக்க வேண்டும்? தெருவில் ஆடினால் இதைவிட அதிகம் ஆடலாமே.

40 பேரை எட்டெட்டாக ஐந்து குழுவாகப் பிரியுங்கள். வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தையும் ஆட்டத்தையும் பார்த்துப் பிரியுங்கள். ஒரு இடத்துக்கு 12 நிமிடம், மாறுவதற்கு 2 நிமிடம். ஐந்து இடமும் சுற்றி வர 70 நிமிடம் ஆகும். ஒன்று பேட்டிங் (த்ரோடவுன், அதாவது பக்கத்திலிருந்து கையால் எறியும் பந்துக்கு ஆடுவது), ஒன்று பவுலிங் (பேட்ஸ்மேன் வேண்டாம், ஒற்றை ஸ்டம்பும் தரையில் ஒரு கோணியும் போதும்), ஒன்று கேட்சிங், ஒன்று தரையில் வரும் பந்தை எடுத்து எறிவது, ஒன்று ஓட்டம், கால் வேலை. கோச் பேட்டிங்கில் நிற்பார், காலேஜ் பையன்கள் பவுலிங்கிலும் கேட்சிங்கிலும் நிற்கட்டும். மற்ற இரண்டுக்கும் மூத்த பிள்ளைகளில் ஆளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

வாரத்தில் ஒரு நாள் மேட்ச் கட்டாயம். வழக்கமான மேட்ச் வைத்தால் நன்றாக ஆடுகிற நாலு பேரே முழுசும் ஆடிவிடுவார்கள். ஜோடி ஆட்டம் வையுங்கள்: பக்கத்துக்கு எட்டுப் பேர், நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் 4 ஓவர், அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டாம், அணியின் ஸ்கோரில் 5 ரன் கழியும். மொத்தம் 16 ஓவர், எட்டுப் பேரும் ஆளுக்கு 2 ஓவர் போடுவார்கள். ஸ்கோரை 200இலிருந்து தொடங்கினால் சின்னப் பிள்ளைகளின் கணக்கு மைனஸில் போகாது.

இனி லெதர் பால். வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டென்னிஸ் பால் 56 முதல் 59.4 கிராம்வரை. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பால் 156 முதல் 163 கிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று 133 முதல் 144 கிராம்வரை தனிப் பந்து இருக்கிறது, கடையில் 'நாலே முக்கால் அவுன்ஸ்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெரியவர்கள் பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

மூன்று படியாக ஏற்றுங்கள். முதலில் டென்னிஸ் பால். ஆனால் நடுவில் ஒயர் டேப்பை ஒரு வளையமாகச் சுற்றிவிடுங்கள். அதுதான் சீம் (லெதர் பாலின் தையல் மேடு மாதிரி). கையை விட்டுப் போகும்போது வளையம் நேராக நிற்கிறதா, தள்ளாடுகிறதா என்று பிள்ளையே பார்த்துத் தெரிந்துகொள்ளும். அடுத்தது தையல் மேடு வைத்த பிளாஸ்டிக் பயிற்சிப் பந்து, கால் பேட், கிளவுஸ் எல்லாம் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம். மூன்றாவதுதான் லெதர். அதையும் முதலில் பேட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று கேட்ச், அப்புறம் பவுலிங், அதற்கப்புறம் 10 மீட்டரிலிருந்து கீழ்க்கையால் தூக்கிப்போடும் பந்துக்குப் பேட்டிங், கடைசியில்தான் முழு நெட்.

எப்போது மேலே ஏற்றலாம் என்பதைப் பின்னங்காலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பந்து வரும்போது பின்னங்கால் லெக் பக்கம் ஓடினால் பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு படி கீழே இறக்குங்கள். திட்டினால் கால் நிற்கும், கண் மூடிக்கொள்ளும். அது இன்னும் ஆபத்து.

---

பாய்_ரோலர்

பிட்ச் பற்றி. தோண்டுவதற்கு முன்னால் நிலம் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வரவில்லை, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சி. குடியிருப்புக்குள் இருக்கும் திறந்தவெளி பெரும்பாலும் வாரியத்தின் பெயரில் இருக்கும். எழுத்தில் அனுமதி இல்லாமல் கான்கிரீட் போட்டால் ஒரு நாள் யாராவது வந்து உடைப்பார்கள். பாய் என்றால் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

கணக்கைச் சொல்கிறேன், நீங்களே முடிவெடுங்கள். ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி, இரண்டு பக்கமும் 4 அடி விட்டால் 74 அடி. அகலம் 8 அடி, கனம் 4 அங்குலம். சுமார் 197 கன அடி கான்கிரீட், அதாவது ஐந்தரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எம்20 கலவைக்கு (1:1½:3) சிமெண்ட் ஏறக்குறைய 45 மூட்டை, எம்-சாண்ட் ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்றுக் குறைவு, முக்கால் அங்குல ஜல்லி ஒன்றே முக்கால் யூனிட். கூலியும் சேர்ந்தால் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதுபோக உங்கள் ஊர் மண் களிமண், பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அடியில் கிராவல் போட்டு இறுக்காமல் கான்கிரீட் ஊற்றினால் ஒரே மழைக்காலத்தில் விரிசல் விடும். அந்த விரிசல் குட் லெங்த்தில் (பந்து அதிகம் குத்தும் இடத்தில்) விழுந்தால் பந்து ஒன்று தலைக்கு வரும், ஒன்று கணுக்காலுக்கு வரும்.

என் யோசனை கிராவல் தளம், அதன்மேல் கயிற்றுப்பாய். 74 அடிக்கு 10 அடி, ஆழம் 4 அங்குலம் தோண்டுங்கள். கீழே 3 அங்குலம் செங்கல் ஜல்லி, கிட்டத்தட்ட 2 யூனிட். அதன்மேல் செம்மண் கிராவல், இறுகிய பின் 3 அங்குலம் நிற்க வேண்டும் என்றால் தளர்வாக இரண்டரை யூனிட் தேவைப்படும். மொத்தமாகக் கொட்டி உருட்டாதீர்கள், மேல் தோல் இறுகி உள்ளே பஞ்சாக இருக்கும். ஒன்றரை அங்குலமாக இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து, கையில் ஒட்டாத ஈரத்துக்கு வந்ததும் உருட்ட வேண்டும். சேறாக இருக்கும்போது உருட்டினால் ரோலரோடு மண்ணும் எழுந்து வரும். இரண்டு நாள் காம்பாக்டர் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். 200 லிட்டர் டிரம்மில் கான்கிரீட் நிரப்பி ரோலர் செய்யும் யோசனை எல்லாருக்கும் வரும். அது 480 கிலோ, பிள்ளைகளால் தள்ள முடியாது, சரிவில் உருண்டால் நிறுத்தவும் முடியாது. பாதி டிரம் போதும்.

தளம் சுற்றுத் தரையைவிட 2 அங்குலம் உயர்ந்தும், குறுக்கில் 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிந்தும் இருக்கட்டும். நீளவாக்கில் சரிவே கூடாது.

கயிற்றுப்பாய் 66 அடிக்கு 8 அடி. சுற்றளவு 148 அடி, மூன்றடிக்கு ஒன்று என்றால் 50 முளை, 8 அங்குல நீளம், தலை பாயோடு பாயாக அமுங்க வேண்டும். ஒரு முளைத் தலை தூக்கிக்கொண்டு நின்றால் முழங்கால் கிழியும். பாயை நீளவாக்கில் முதலில் இழுங்கள், பிறகு அகலவாக்கில். தளர்ந்த பாயில் பந்து கடித்துத் திரும்பும், தாழ்ந்தும் வரும். இழுத்துக் கட்டிய பாயில் உயர்ந்து வரும். இரண்டும் கலந்த பாயில் யாராலும் ஆட முடியாது. ஸ்பைக்ஸ் ஷூ கூடாது, ரப்பர் அடிதான். ஈரமாகச் சுருட்டி வைத்தால் அழுகிப்போகும், வெயிலில் விரித்துக் காய்ந்த பின்தான் சுருட்ட வேண்டும்.

11 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 18 கஜம் (16.46 மீட்டர்), 13க்குள் 20 கஜம் (18.29 மீட்டர்). பாயிலேயே மூன்று வண்ணத்தில் கோடு போட்டுவிடுங்கள். 22 கஜத்தில் பத்து வயதுப் பையன் பந்தை எட்டவைக்க மேலே தூக்கி எறிவான். பவுலிங் ஆக்‌ஷன் கெடுவது அங்கேதான்.

---

ஏழாம்_பிளாக்

மிக்க நன்றி. பாய்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டோம். இரண்டு சந்தேகம். பாயை ராத்திரி எங்கே வைப்பது? களவு போகும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். இன்னொன்று, 12 வயதில் ஒரு பையன் டென்னிஸ் பாலில் ரொம்ப வேகமாகப் போடுகிறான். கை மடங்குகிற மாதிரி தெரிகிறது. மாற்றினால் வேகம் போய்விடும் என்று அவன் அண்ணன் சொல்கிறார்.

---

பாய்_ரோலர்

பாய் கனமானது, தூக்க நாலைந்து பேர் வேண்டும். ஆகவே முழுப்பாயைத் திருடுவது குறைவு, நுனியை அறுத்துப் போவார்கள். சுருட்டிச் சங்கிலி போட்டு நலச்சங்க அறையில் வையுங்கள். மீட்டர் அறையில் வைக்காதீர்கள், ஒரு தீப்பொறி போதும். ஃபுட்பால் பசங்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், தளம் அவர்கள் கோட்டுக்கு வெளியே வரும்படி இடம் பாருங்கள். முடியாவிட்டால் முளைக் குழிகளுக்கு மூடி வைத்தாக வேண்டும். அவர்களைச் சேர்த்துக்கொண்டால் பாய்க்குக் காவலும் அவர்களே.

---

மூணாவது_ஸ்லிப்

அந்தப் பையன் விஷயத்தை இப்போதே பாருங்கள். நடராஜன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடி, சென்னைக்கு வந்து நாலாவது டிவிஷன் லீக்கில் ஆடி, 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டத்துக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே ஆக்‌ஷன் சந்தேகம் என்று புகார். திருத்திக்கொண்டு திரும்பினார், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு ஆடினார். ஆனால் இருபது வயதுக்கு மேல் வளர்ந்த ஒருவர் ஆக்‌ஷனை உடைத்து மறுபடி கட்டுவது எத்தனை பேரால் முடியும்? 12 வயதில் அது ஆறு வார வேலை.

விதி என்னவென்றால், கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும்வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது. மடங்கி இருப்பது குற்றமில்லை, மடங்கியது நிமிர்வதுதான் குற்றம். போனில் ஸ்லோ மோஷன் போட்டு, பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் எடுங்கள். போன் டிகிரி சொல்லாது, ஆனால் நிமிர்வது கண்ணுக்கே தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

டென்னிஸ் பால் லேசு என்பதால் வேகம் வேண்டுமானால் கையைச் சொடுக்க வேண்டியிருக்கிறது. கனமான பந்தில் வேகம் ஓட்டத்திலும் முன்னங்காலிலும் இடுப்பிலும் இருந்து வருகிறது. ஆகவே ரன்-அப்பை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் நின்ற இடத்திலிருந்து, பக்கவாட்டில் நின்று, 12 கஜத்துக்கு. அடுத்த இரண்டு வாரம் மூன்று நடை. பிறகு அரை ஓட்டம். இந்த ஆறு வாரமும் தெரு டோர்னமென்டுக்கு விடாதீர்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வேகம் குறையும், உண்மைதான். பிறகு வரும். அண்ணனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: லீக் ஆட்டத்தில் அம்பயர் புகார் எழுதினால் அந்த வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எத்தனை ஓவர் என்பதையும் எழுதி வையுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டு அளவு நமக்கும் பொருந்தும்: 13 வயதுக்குள் ஒரு ஸ்பெல்லுக்கு (ஒரே மூச்சில் போடுவது) 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15க்கு 6, 12. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேகப்பந்து கூடாது, ஏழு நாளில் நாலு நாளுக்கு மேல் கூடாது. நெட்டில் போடுவதும் தெருவில் போடுவதும் கணக்கில் சேரும். வேகமாகப் போடும் பையனை எல்லா டீமும் கூப்பிடும், அவனும் போவான். 14 வயதில் 'இடுப்புக்கு மேலே லேசா வலிக்குது அண்ணா' என்று சொன்னால் தைலம் தேய்க்காதீர்கள், பந்து போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கீழ் முதுகு எலும்பில் நுண் விரிசல் விழும் வயது அது.

---

கிட்_பேக்

சாமான் பட்டியல், 40 பேருக்கு. ஒரே நேரத்தில் லெதர் ஆடப்போகிறவர்கள் எட்டுப் பேர்தான், அதனால் 40 செட் தேவையே இல்லை.

பேட்: 4ஆம் சைஸ் நாலு, 5 நாலு, 6 நாலு, ஹாரோ (6க்கும் முழு சைஸுக்கும் நடுவில்) இரண்டு, முழு சைஸ் இரண்டு. நாலரை அடி உயரமுள்ள பிள்ளைக்கு 4, ஐந்தடியை ஒட்டி 5 அல்லது 6, ஐந்தடி இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் ஹாரோ. 'வளர்ற பிள்ளை, பெருசா வாங்கு' என்பது சட்டைக்குச் சரி. மேல் கையால் மட்டும் பேட்டை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். நுனி தாழ்ந்தால் அந்த பேட் கனம். கனமான பேட்டில் நேர் ஷாட் வராது, எல்லாம் குறுக்கே இழுப்புத்தான். காஷ்மீர் வில்லோ போதும். பின்பக்கம் குடைந்த டென்னிஸ் பேட்டால் லெதர் ஆட வேண்டாம், பிளந்துவிடும். புது பேட்டுக்கு ஆளி விதை எண்ணெய் மெல்லிசாக இரண்டு மூன்று முறை, பின்னாலும் விளிம்பிலும்கூட, ஸ்டிக்கர் மேல் வேண்டாம். பிறகு மரச் சுத்தியால் தட்டுவது, மொத்தம் நாலு முதல் ஆறு மணி நேரம். பிள்ளைகளே மாற்றி மாற்றித் தட்டட்டும்.

ஹெல்மெட் எட்டு. பழசு வாங்கவே வேண்டாம், பலமாக அடிபட்டது என்றால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே போயிருக்கும். பிஎஸ்7928:2013 என்ற பிரிட்டிஷ் தரக் குறி ஒட்டியிருக்க வேண்டும். எந்தப் பந்துக்குச் சோதித்தது என்பதையும் பாருங்கள். பெரியவர்கள் பந்துக்கு மட்டும் சோதித்த ஹெல்மெட்டில், சின்னப் பந்து கிரில் இடைவெளிக்குள் நுழைய வாய்ப்பு உண்டு. ஜூனியர் பந்துக்கும் சோதித்ததாக எழுதியிருப்பதை வாங்குங்கள். ஆளுக்கொரு பருத்தித் துணித் தொப்பி உள்ளே போட்டுக்கொள்ளட்டும், பேனும் படையும் பரவாது.

கார்டு (வயிற்றுக்குக் கீழே போடுவது) பொதுவில் வைக்காதீர்கள். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. விலை குறைவுதான். கால் பேட் ஆறு ஜோடி, கிளவுஸ் எட்டு ஜோடி, அதில் இடது கையாருக்கு இரண்டு. கீப்பிங் கிளவுஸ் ஒரு ஜோடி. சீசன் முடிந்ததும் பழைய கால் பேட், கிளவுஸ் தரும் கிளப்கள் உண்டு, கேளுங்கள்.

பந்துதான் ஓயாத செலவு. பாயில் லெதர் சீக்கிரம் தேயும். நெட்டுக்கு இரண்டு துண்டுத் தோலைச் சேர்த்துத் தைத்த பந்து, மேட்சுக்கு நாலு துண்டு சேர்த்துத் தைத்தது. மார்கழி, தை மாதம் காலையில் பனி இறங்கும், ஏழு மணிவரை லெதரை எடுக்காதீர்கள். ஈரம் குடித்தால் பந்து கனத்துக் கல்லாகிவிடும்.

அந்த ஜெர்சிக்காரரிடம் நயமாகப் பேசி, முதல் வருஷம் ஜெர்சிக்குப் பதில் பந்து வாங்கித் தரச் சொல்லுங்கள். ஃபோட்டோ வேண்டும் என்றால் பந்துப் பெட்டியோடு எடுத்துக்கொள்ளட்டும்.

---

லாங்_ஆன்_அக்கா

ஒன்பது பெண் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் பிறகு யாரும் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. 12, 13 வயதில் அவர்கள் நின்றுவிடுவார்கள். கிரிக்கெட் பிடிக்காமல் இல்லை. கழிப்பறை பக்கத்தில் இல்லை, பெரியவர்களில் ஒரு பெண்கூட மைதானத்தில் இல்லை, கேட்ச் விட்டால் கேலி. இந்த மூன்றும்தான்.

முதல் நாளிலிருந்தே ஒரு அம்மாவோ அக்காவோ மைதானத்தில் இருக்கட்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள், சும்மா வரச் சொல்லாதீர்கள். காலை உணவு, வருகைப் பதிவு இரண்டும் அவர் பொறுப்பு. ஒன்பது பேரை ஐந்து குழுவிலும் ஒன்றிரண்டாகப் பிரித்துப் போடாதீர்கள். இரண்டு குழுவில் நாலும் ஐந்துமாகச் சேர்ந்து இருக்கட்டும். பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், 13க்கு மேல் அதுவே போதும். கழிப்பறைக்குப் பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டோடு பேசி வையுங்கள்.

பையன்கள், பெண்கள் எல்லாருக்குமே: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது. செய்தி எல்லாம் பெற்றோர் குழுவில் மட்டும், பிள்ளை போனுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. முதல் வாரமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு சொன்னால் யாரையோ சந்தேகப்படுவது மாதிரி ஆகும்.

---

ஸ்கோர்புக்

சாப்பாட்டை அக்கா தொட்டுவிட்டார்கள், அதற்குக் கணக்கு. முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புவரைதான். உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆறாவதுக்கு மேல். ஐந்தரைக்கு எழுந்து ஓடிவிட்டு, மதியச் சத்துணவுவரை காலி வயிறு. அவர்கள் சோம்பேறிகள் இல்லை, பசி. ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை என்றால் 40 பேருக்கு 1.2 கிலோ, முந்தின ராத்திரி ஊறப்போட்டால் காலையில் இரண்டு மடங்காகும். கூட ஒரு வாழைப்பழம், வாரம் இரண்டு நாள் முட்டை. தண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று என்றால் ஆளுக்கு அரை லிட்டர்தான், இரண்டு கேன் எடுங்கள். இந்தச் செலவைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும், மிச்சத்தில் பேட் வாங்குங்கள்.

காகிதம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பிறந்த தேதியும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று சேர்க்கும் அன்றே பாருங்கள். வீடு மாறி வந்த குடும்பங்களில் ஏதாவது ஒன்று தொலைந்திருக்கும் அல்லது மாறியிருக்கும். மாவட்டத் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு திருத்த ஓடினால் நேரம் போதாது. வயதைக் குறைத்துக் காட்டும் யோசனையை யாராவது சொல்வார்கள். 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. மாட்டினால் தடை பையனுக்குத்தான்.

நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் கேட்பதானால் 2021 ஏப்ரலிலிருந்து வாங்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். புதிதாக டிரஸ்ட் தொடங்கி அலையாமல், ஏற்கெனவே பதிவு உள்ள உள்ளூர்த் தொண்டு அமைப்பின் கீழ் கணக்கு வையுங்கள். ஊராட்சிகளுக்கு 2024இலிருந்து கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள், அதில் கிரிக்கெட் சாமானும் உண்டு. உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். பல இடத்தில் பிரிக்காத மூட்டையாகக் கிடக்கும்.

ஒரு விஷயத்தில் மூணாவது ஸ்லிப்போடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தெரு டோர்னமென்டை எதிரி மாதிரி பேசாதீர்கள். 15 வயதுப் பையனுக்கு அதில் கிடைக்கும் பரிசுப் பணமும் மரியாதையும் நிஜம். தடுத்தால் உங்களைவிட்டுப் போவான், டோர்னமென்டை விடமாட்டான். அதேபோல ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகும் பையன்கள் இருப்பார்கள், முகூர்த்த நாளில் வரமாட்டார்கள். மேட்ச் நாளைச் சனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வருகையைக் காரணம் காட்டி நீக்காதீர்கள்.

---

மூணாவது_ஸ்லிப்

ஒப்புக்கொள்கிறேன். அந்த 12 வயதுப் பையனுக்கு மட்டும் ஆறு வாரம் தடை, அங்கேயும் பேட்டிங் ஆடட்டும், பந்து மட்டும் போட வேண்டாம். மற்றவர்கள் போகட்டும். திங்கட்கிழமை நோட்டில் எத்தனை ஓவர் போட்டான் என்று எழுதச் சொல்லுங்கள், கேட்டால் பெருமையாகவே சொல்வார்கள்.

---

ஏழாம்_பிளாக்

எல்லாருக்கும் நன்றி. வாரிய அலுவலகத்துக்கு மனு எழுதிவிட்டோம், நாளை கொடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் தளம் முழுகினால் என்ன செய்வது? நிறுத்தி வைக்கலாமா?

---

பாய்_ரோலர்

நிறுத்தினால் தை மாதம் பாதிப் பேர்தான் திரும்புவார்கள். பாயை மழைக்கு முன்பே காயவைத்து ஏற்றிவிடுங்கள். தளத்தின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி வைக்காதீர்கள், அடியில் புழுங்கிக் கிராவல் இளகும். தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டினால் போதும். தண்ணீர் வடிந்த பிறகு, மண் கையில் ஒட்டாத பதத்தில் ஒரு தரம் உருட்டிவிட்டு, பள்ளம் விழுந்த இடத்தில் அரை யூனிட் கிராவல் சேருங்கள். இந்த அரை யூனிட்டை இப்போதே வாங்கி மூட்டை கட்டி வையுங்கள், மழை முடிந்ததும் லோடு கிடைக்காது.

---

மூணாவது_ஸ்லிப்

மழை நாளுக்குப் பள்ளிக்கூட ஹாலோ, குடியிருப்பு பிளாக்கின் கீழ்த்தளமோ போதும். டென்னிஸ் பால் 20, சுவரில் எறிந்து ஒரு கையில் பிடிப்பது, நின்ற இடத்திலிருந்து பவுலிங், சின்ன இடத்தில் கீழ்க்கைப் பந்துக்கு நேர் ஷாட். வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓட்டம் மட்டும் வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு ஸ்கோர் எழுதவும் விதிகளும் சொல்லிக்கொடுக்க அதுதான் நல்ல சமயம். மைதானத்தில் கல் பொறுக்கும் வேலையும் மழை விட்ட மறுநாள்தான் சுலபம், கல் மேலே எழும்பி நிற்கும். அதைப் பொறுக்கி முடிக்காமல் லெதர் பாலில் தரை ஃபீல்டிங் வைக்காதீர்கள், ஒரு கல்லில் பட்டால் பந்து பல்லுக்கு வரும். அப்படிப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் பாலில் போட்டு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். முதலுதவிப் பெட்டி பற்றிப் பேசாமல் விட்டோம்: ஐஸ் பேக் இரண்டு, பேண்டேஜ், பக்கத்து ஆஸ்பத்திரி எண், ஆட்டோக்காரர் ஒருவர் எண். தலையில் பந்து பட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது, 'ஒண்ணுமில்ல அண்ணா' என்று சொன்னாலும். வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு.